பழைய ஃபங்க்ஷனைத் தூக்கணும், பழைய ப்ரோகிராமும் ஓடணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாங்கி பிசினஸ் பார்க், ஒன்-நார்த் பக்கம் சிஸ்டம்ஸ் வேலை பாக்குற நம்ம ஆளுங்களும் பாலிடெக்ல படிக்கிற பசங்களும் லைப்ரரி அப்கிரேட் பத்தி திரும்பத் திரும்ப கேக்குறதை எல்லாம் ஒரே இடத்துல போட்டிருக்கேன். பெரும்பாலும் லினக்ஸ் தான், அதுலயும் ஜிலிப்சி (glibc, லினக்ஸ்ல எல்லா ப்ரோகிராமும் நம்பியிருக்குற அடிப்படை சி லைப்ரரி) தான், ஏன்னா லினக்ஸ் சர்வர்ல பாதிக்கு மேல எது உடைஞ்சாலும் கடைசில அந்த சி லைப்ரரில தான் வந்து நிக்கும். விண்டோஸ், ஆண்ட்ராய்ட் பத்தியும் கொஞ்சம் இருக்கு.

கேள்வி: அண்ணா, எங்க லைப்ரரில ஒரு ஃபங்க்ஷன் ரொம்பப் பழசு, யாரும் கூப்பிடுறதில்ல. பேசாம டிலீட் பண்ணிடலாமா?

"யாரும் கூப்பிடுறதில்ல"ன்னு நீங்க சொல்றது உங்க கோட்ல தேடிப் பாத்துட்டு சொல்றது. உங்க லைப்ரரி வெளில போயிடுச்சுன்னா அந்தத் தேடல் எதையும் நிரூபிக்காது. ரெண்டு வகை ஆளுங்க இருக்காங்க. ஒருத்தர்கிட்ட சோர்ஸ் இருக்கு, கம்பைலர் எர்ரர் வந்தா திட்டிக்கிட்டே மாத்திடுவாரு. இன்னொருத்தர்கிட்ட வெறும் பைனரி, அதாவது கம்பைல் ஆகி முடிஞ்ச ஃபைல் தான் இருக்கு, எழுதிக் கொடுத்த கம்பெனி மூடிட்டுப் போயிருக்கும், இல்லன்னா அந்த ப்ராடக்ட்டையே கைவிட்டிருக்கும். துவாஸ்ல ஒரு கிடங்குல பார்கோட் ஸ்கேன் பண்ற ப்ரோகிராம், அக்கம்பக்க கிளினிக்ல க்யூ நம்பர் கொடுக்குற மெஷின், இதெல்லாம் இந்த ரெண்டாவது வகை. நான் கவலைப்படுறது இவங்களைப் பத்தி தான்.

டிலீட் பண்ணினா என்ன ஆகும்னு கேட்டா, உடனே தெரிஞ்சா கூட பரவாயில்ல. நிறைய பழைய பைனரில ஃபங்க்ஷன் பேரை முதல் தடவை கூப்பிடும்போது தான் டைனமிக் லிங்கர் (ஓடும்போது ப்ரோகிராமை லைப்ரரியோட இணைக்கிறது) தேடும், லேசி பைண்டிங்னு சொல்வாங்க. அதனால ப்ரோகிராம் நல்லா ஸ்டார்ட் ஆகும், நாள் முழுக்க ஓடும், மாசக் கடைசில யாராவது ரிப்போர்ட் பட்டனை அழுத்தும்போது "சிம்பல் லுக்கப் எர்ரர்"னு செத்து விழும். அப்கிரேட் பண்ணி மூணு வாரம் ஆகியிருக்கும், யாரும் அந்த அப்கிரேடை சந்தேகப்படவே மாட்டாங்க. இந்த மாதிரி பக்கைத் துரத்துறது எவ்வளவு கொடுமைன்னு துரத்தினவங்களுக்குத் தான் தெரியும்.

கேள்வி: அப்போ வாழ்நாள் முழுக்க எதையுமே தூக்க முடியாதா?

முடியும். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வர்றது இது ஒண்ணு தான்: தூக்குறதை ரெண்டா பிரிச்சுப் பாருங்க. புதுசா லிங்க் பண்ண வர்றவங்களுக்கு அந்த ஃபங்க்ஷன் இல்ல. ஏற்கனவே லிங்க் ஆகி எங்கயோ ஓடிக்கிட்டு இருக்குற பைனரிக்கு அது இருக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல செய்யணும்னு எந்தச் சட்டமும் இல்ல, ரெண்டாவதை செய்யவே வேணாம்னு கூட முடிவு பண்ணலாம்.

கெட்ஸ் (gets) ஃபங்க்ஷனைப் பாருங்க. எத்தனை எழுத்து உள்ள வருதுன்னு பாக்காம வாங்கிக் கொட்டுற ஃபங்க்ஷன், 1988 நவம்பர்ல இன்டர்நெட்ல பரவின மாரிஸ் வார்ம் ஃபிங்கர் சர்வருக்குள்ள புகுந்தது இந்த ஓட்டை வழியா தான். சி11 ஸ்டாண்டர்டுல அதை ஒரேயடியா எடுத்துட்டாங்க. ஆனா ஜிலிப்சில ஹெட்டர்லேர்ந்து டிக்ளரேஷனை மறைச்சாங்க, லிங்க் பண்ணும்போது ஆபத்துன்னு வார்னிங் கொடுக்குறாங்க, சிம்பல் (பைனரி தேடுற அந்த ஃபங்க்ஷன் பேர்) மட்டும் லைப்ரரி உள்ளேயே இருக்கு. ஃப்ரீபிஎஸ்டி 13ல ஒரு படி மேல போய், புது ப்ரோகிராம் அதோட லிங்க்கே பண்ண முடியாது, பழைய பைனரி மட்டும் ஓடும். இவ்வளவு மோசமான ஃபங்க்ஷனுக்கே இந்த மரியாதைன்னா உங்க லைப்ரரில இருக்குற சாதுவான ஒண்ணுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

கேள்வி: புதுசுக்கு இல்ல, பழசுக்கு மட்டும் இருக்கு, இதை டெக்னிக்கலா எப்படி செய்றது?

சிம்பல் வெர்ஷனிங். ஒவ்வொரு சிம்பல் பேருக்குப் பின்னாடியும் ஒரு வெர்ஷன் பேர் ஒட்டி இருக்கும். 64 பிட் இன்டெல் மெஷின்ல ரீட்எல்ஃப் கமாண்ட் போட்டு ஜிலிப்சியோட டைனமிக் சிம்பல் லிஸ்டைப் பாருங்க, மெம்காப்பின்னு (memcpy, மெமரியைக் காப்பி பண்ற ஃபங்க்ஷன்) தேடுங்க, ரெண்டு வரி வரும். ஒண்ணு மெம்காப்பி@ஜிலிப்சி_2.2.5, இன்னொண்ணு மெம்காப்பி@@ஜிலிப்சி_2.14. ரெண்டு @ இருந்தா அது டிஃபால்ட், இன்னிக்கு கம்பைல் பண்ற எல்லாரும் அதோட தான் ஒட்டுவாங்க. ஒரு @ மட்டும் இருந்தா அது பழைய பைனரிக்காக வெச்சிருக்குறது, லிங்கர் புதுசா யாருக்கும் அதைக் கொடுக்காது.

தூக்குறதுன்னா இவ்வளவு தான்: அந்த ஃபங்க்ஷனுக்கு ரெண்டு @ உள்ள வெர்ஷனே இல்லாம பண்ணிடுங்க, ஒரு @ உள்ளதை மட்டும் விட்டு வையுங்க. புது ஆளு லிங்க் பண்ணினா "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" வரும், பழைய பைனரி தன்பாட்டுக்கு ஓடும். பழைய கோடை ஒரு தனி ஃபைல்ல போட்டு, மேல கமென்ட்ல எந்த வெர்ஷனோட நிறுத்தினோம், ஏன்னு எழுதி வையுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற புதுப் பையன் "இது எதுக்கு இங்க சும்மா கிடக்கு"ன்னு சுத்தம் பண்ணாம இருக்க அந்த கமென்ட் தான் காவல்.

கேள்வி: மெம்காப்பிக்கு ஏன் ரெண்டு வெர்ஷன்? அது நல்ல ஃபங்க்ஷன் தானே?

நல்ல ஃபங்க்ஷன் தான், கதை வேற. 2010 கடைசில ஃபெடோரா 14ங்கிற லினக்ஸ் ரிலீஸ் வந்தப்போ ஜிலிப்சில வேகமான ஒரு புது மெம்காப்பி போட்டிருந்தாங்க, சில ப்ராசஸர்ல அது பின்னாடிலேர்ந்து முன்னாடி காப்பி பண்ணும். ஸ்டாண்டர்ட் படி அதுல தப்பே இல்ல, ஏன்னா மூலமும் இலக்கும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா மெம்மூவ் தான் யூஸ் பண்ணணும்னு தெளிவா எழுதி இருக்கு. ஆனா அடோபி ஃபிளாஷ் பிளேயர் அந்த இடத்துல மெம்காப்பி யூஸ் பண்ணி வெச்சிருந்தது, பல வருஷமா எதேச்சையா ஓடிக்கிட்டு இருந்தது, திடீர்னு வெப்சைட்ல வர்ற பாட்டெல்லாம் கரகரன்னு ஆயிடுச்சு. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே அந்த பக் ரிப்போர்ட்ல வந்து, யூசருக்கு ஸ்டாண்டர்ட் என்ன சொல்லுதுன்னு கவலை இல்ல, நேத்து கேட்ட பாட்டு இன்னிக்கும் கேக்கணும்ங்கிற மாதிரி வாதாடினாரு.

2011ல வந்த ஜிலிப்சி 2.14ல தீர்வு வந்தது. பழைய பைனரி மெம்காப்பின்னு கேட்டா உள்ளுக்குள்ள பத்திரமான மெம்மூவ் கிடைக்கும், புதுசா லிங்க் பண்றவங்களுக்கு வேகமான மெம்காப்பி. ஸ்டாண்டர்ட் என் பக்கம்னு சொல்லி ஜெயிச்சுட்டு யூசரை அழ விடுறதை விட இது எவ்வளவோ மேல். ஃபங்க்ஷனைத் தூக்கல, அதோட ஒரு நடத்தையைத் தான் தூக்கினாங்க, அதுக்கே இவ்வளவு.

கேள்வி: ஒரேயடியா நிறுத்தாம படிப்படியா செய்யணும்னா எந்த வரிசை?

முதல்ல டிப்ரிகேட் வார்னிங், அதுலயே மாத்துக்கு எதை யூஸ் பண்ணணும்னு பேர் சொல்லி எழுதணும். அடுத்து ஹெட்டர்லேர்ந்து எடுக்கணும். அடுத்து லிங்க் நிறுத்தணும். சிம்பல் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவுல பெரிய டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா மாதிரி லினக்ஸ் தொகுப்பு) எல்லாம் ஒரு ரிலீஸாவது விடுற அளவுக்கு நேரம் கொடுங்க.

அவசரப்பட்டா என்ன ஆகும்னு பாக்கணும்னா சன் ஆர்பிசி (நெட்வொர்க் வழியா இன்னொரு மெஷின்ல ஃபங்க்ஷனைக் கூப்பிடுற பழைய கோட்) கதை இருக்கு. ஜிலிப்சி 2.14ல, பழைய பைனரி ஓடும் ஆனா புதுசா லிங்க் பண்ண முடியாது, டிஐஆர்பிசிங்கிற தனி லைப்ரரிக்கு மாறிக்கோங்கன்னு ஒரே அடில சொல்லிட்டாங்க. யோசனை சரி தான், ஏன்னா பழசுல ஐபிவி6 இல்ல. ஆனா டிஸ்ட்ரோல இருக்குற பேக்கேஜ் பலதும் அதை நம்பித் தான் பில்ட் ஆச்சு, ஊரே சத்தம் போட்டுச்சு, 2.16ல ஒரு பில்ட் ஆப்ஷனா திரும்பக் கொண்டு வந்தாங்க. 2020ல 2.32ல தான் அந்த ஆப்ஷனையும் எடுத்தாங்க. ஒன்பது வருஷம். அப்பவும் பழைய பைனரிக்கு சிம்பல் போகல.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு லைப்ரரி நம்பரை ஏத்திட்டா போச்சே? ஓபன்எஸ்எஸ்எல் 1.1ஐ 3ன்னு மாத்தின மாதிரி?

சின்ன லைப்ரரிக்கு அது நேர்மையான வழி, தாராளமா செய்யுங்க. ஆனா ஊரே யூஸ் பண்ற லைப்ரரிக்கு என்ன ஆகும்னு அதே ஓபன்எஸ்எஸ்எல்ல, அதாவது என்க்ரிப்ஷன் லைப்ரரில பாத்தோம். உபுண்டு 22.04 ஓபன்எஸ்எஸ்எல் 3ஓட வந்தது, 1.1 கேட்டு வந்த பைனரி எல்லாம் "ஃபைல் இல்ல"ன்னு நின்னுச்சு. ஆளுங்க என்ன பண்ணினாங்க? நெட்ல தேடி, பழைய ரிலீஸ்லேர்ந்து 1.1 பேக்கேஜை எடுத்து கைல இன்ஸ்டால் பண்ணி விட்டுட்டாங்க. அதுக்கு அப்டேட் வராது, 1.1.1க்கு சப்போர்ட்டே 2023 செப்டம்பர்ல முடிஞ்சு போச்சு, செக்யூரிட்டி டீமுக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. பத்திரமா இருக்கணும்னு தூக்கினது கடைசில இன்னும் ஆபத்தான இடத்துல கொண்டு போய் விட்டுச்சு.

இன்னொரு தொல்லை, ஒரே ப்ராசஸ்ல ஒரு டிபென்டன்சி பழசை இழுக்கும், இன்னொண்ணு புதுசை இழுக்கும், ரெண்டும் ஒரே பேர்ல சிம்பல் வெச்சிருந்தா யார் யாரைக் கூப்பிடுறாங்கன்னு தெரியாம மெமரி கெட்டுப் போகும். ஜிலிப்சி 1997லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் 6ங்கிற அதே நம்பர்ல இருக்குறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: உபுண்டு 22.04ல பில்ட் பண்ணினதை கிளையண்டோட ரெட்ஹேட் 8ல போட்டா "ஜிலிப்சி_2.34 இல்ல"ங்குது. பேக்வேர்ட் கம்பாட்டிபிலிட்டி எல்லாம் பொய்யா?

பொய் இல்ல, நீங்க எதிர்த் திசைல போறீங்க. பழசுல பில்ட் பண்ணினது புதுசுல ஓடும்னு தான் வாக்கு, புதுசுல பண்ணினது பழசுல ஓடும்னு யாரும் சொல்லல. உபுண்டு 22.04ல ஜிலிப்சி 2.35, ரெட்ஹேட் 8ல 2.28. நீங்க எந்தப் புது ஃபங்க்ஷனும் யூஸ் பண்ணாட்டியும் மாட்டிக்குவீங்க, ஏன்னா மெயினைக் கூப்பிடுற ஸ்டார்ட்டப் ஃபங்க்ஷனுக்கே 2.34ல புது வெர்ஷன் போட்டாங்க. கிளையண்ட் வெச்சிருக்குறதுலயே பழைய ஓஎஸ் எதுவோ அதோட கன்டெய்னர்ல பில்ட் பண்ணுங்க, முடிஞ்சது.

அந்த 2.34 ஒரு அழகான உதாரணமும் கூட. 2021ல பிதிரெட் லைப்ரரியை (திரெட் ஓட்டுறதுக்கானது) தனியா வெச்சிருந்ததை மெயின் லைப்ரரிக்குள்ள சேத்துட்டாங்க. ஆனா உலகத்துல இருக்குற எல்லா மேக்ஃபைல்லயும் பிதிரெட்டோட லிங்க் பண்ணுன்னு எழுதி இருக்கே? அதுக்காக உள்ள ஒண்ணுமே இல்லாத ஒரு ஆர்க்கைவ் ஃபைலை அதே பேர்ல வெச்சாங்க, பழைய பைனரி தேடுற ஷேர்ட் ஃபைலையும் விட்டு வெச்சாங்க. லைப்ரரியே போயிடுச்சு, யாருக்கும் ஒரு வரி மாத்த வேண்டி வரல.

கேள்வி: டாக்குமென்ட்லயே சொல்லாத ஒண்ணை யாரோ நம்பி எழுதிட்டாங்க. அதுக்கும் நாங்களா பொறுப்பு?

பொறுப்பு யாருங்கிறதை விட, உடைஞ்சா யார் கஷ்டப்படுறாங்கன்னு கேளுங்க. நம்ம ஊர்லயே நடந்ததைப் பாருங்க. 2024 ஜனவரி 9ல நிலப் போக்குவரத்து ஆணையம், ஜூன் 1லேர்ந்து சிம்ப்ளிகோங்கிற புது கட்டண முறைக்கு மாறாத அடல்ட் ஈஸி-லிங்க் கார்டு பஸ்லயும் எம்ஆர்டிலயும் செல்லாதுன்னு அறிவிச்சது. பயணம் போறதுங்கிற முக்கிய வேலை அப்படியே இருந்தது. ஆனா புது முறைல கார்டைத் தட்டும்போது எவ்வளவு கழிஞ்சுது, பாக்கி எவ்வளவுன்னு கேட்ல காட்டல, ஆப்ல தான் பாக்க வேண்டியிருந்தது. அந்த சின்ன டிஸ்ப்ளேயை நம்பித் தான் எத்தனையோ பேர் கணக்கு வெச்சிருந்தாங்க. ஜனவரி 22ல முடிவை மாத்தி, பழைய முறையும் தொடரும், அதுக்கு கூடுதலா 40 மில்லியன் வெள்ளி ஆகும்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. மனுஷங்க நம்புறது நீங்க லிஸ்ட் போட்ட ஃபீச்சரை மட்டும் இல்ல, கண்ணால பாத்துப் பழகினதை எல்லாம்.

லைப்ரரில இதே மாதிரி 2022ல. ஜிலிப்சி 2.36ல சிம்பல் தேடுறதுக்கான பழைய ஹாஷ் டேபிளை பில்ட்லேர்ந்து விட்டாங்க, புது வகை ஹாஷ் டேபிள் 2006லேர்ந்தே இருக்கே, இது எதுக்குன்னு. ஈஸி ஆன்ட்டி-சீட்ங்கிற கேம் பாதுகாப்பு சாஃப்ட்வேர் அந்தப் பழசைத் தான் நேரடியா படிச்சுக்கிட்டு இருந்தது, கேம் பல ஓடல. ஆர்ச் லினக்ஸ் மாதிரி டிஸ்ட்ரோ தன் பில்ட்ல பழசைத் திரும்பச் சேத்துக்கிச்சு. இடம் மிச்சமானது சில கிலோபைட் இருக்கும், என் கணக்குல அது அந்தச் சண்டைக்குப் பெறாது.

கேள்வி: சிம்பலை வெச்சிருக்குறதே ஆபத்துன்னா?

அப்போ வேலையை எடுத்துட்டு பேரை மட்டும் விடலாம். மலாக் ஹுக் அப்படித் தான் போச்சு. மெமரி கேக்கும்போது நடுவுல புகுந்து பாக்குறதுக்கு வெச்ச வேரியபிள், திரெட் இருந்தா சரியா வேலை செய்யாது, அதோட எக்ஸ்ப்ளாயிட் எழுதுறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம், அந்த வேரியபிள்ல ஒரு அட்ரஸை எழுதிட்டா ப்ரோகிராமே அவங்க கைல. 2.34ல பழைய பைனரிக்காக பேர் மட்டும் இருக்கு, அதுல என்ன எழுதினாலும் ஒண்ணும் நடக்காது. டீபக் பண்ண நிஜமாவே வேணும்னா ஒரு தனி மலாக் டீபக் லைப்ரரியை ப்ரீலோட் பண்ணிக்கலாம். கேட்டு வாங்குறவங்களுக்கு மட்டும், மத்த எல்லாருக்கும் பத்திரம்.

ஆனா ஒண்ணு, வெத்து ஃபங்க்ஷன் வெச்சா அது பொய் சொல்லக் கூடாது. என்க்ரிப்ட் பண்ற ஃபங்க்ஷன் ஒண்ணுமே பண்ணாம "வெற்றி"ன்னு திருப்பி அனுப்பினா அதை விடப் பெரிய துரோகம் இல்ல. லினக்ஸ் கெர்னல் 5.5ல பழைய சிஸ்கன்ட்ரோல் கால் (கெர்னல் செட்டிங்கைப் படிக்க, மாத்த வெச்சது) எடுத்தப்போ, அந்த நம்பர்ல கூப்பிட்டா "இந்த வசதி இல்ல"ங்கிற எர்ரர் தான் வரும், அது சரியான வழி.

கேள்வி: மத்த ஓஎஸ் எல்லாம் எப்படி செய்றாங்க?

ஆப்பிள் தேதி சொல்லி நிறுத்திடும், 2019ல கேட்டலினா வந்தப்போ 32 பிட் ஆப் எதுவும் ஓடல. ஓபன்பிஎஸ்டி சோர்ஸ் எல்லாம் ஒரே இடத்துல இருக்குற தைரியத்துல 2014ல 5.5 ரிலீஸ்ல டைம் வேரியபிளை 64 பிட் ஆக்கி எல்லாத்தையும் திரும்ப கம்பைல் பண்ணிட்டாங்க. விண்டோஸ் நேர் எதிர், பழைய ஆப் பேரைப் பாத்து அதுக்கேத்த மாதிரி நடந்துக்குற ஷிம் (நடுவுல நின்னு சமாளிக்கிற சின்ன கோட்) எக்கச்சக்கமா வெச்சிருக்கு.

எனக்குப் பிடிச்சது ஆண்ட்ராய்ட் வழி. ஆப் எந்த வெர்ஷனுக்காக எழுதினதுன்னு தானே சொல்லிக்குது, அதை வெச்சு ஓஎஸ் நடந்துக்கும். 2016ல ஆண்ட்ராய்ட் 7ல சிஸ்டத்தோட உள் லைப்ரரியைத் தொடக் கூடாதுன்னு சொன்னப்போ, புது வெர்ஷனுக்குன்னு எழுதின ஆப்புக்குக் கண்டிப்பு, பழைய ஆப் ரொம்ப நம்பியிருந்த சில லைப்ரரிக்கு மட்டும் வார்னிங்கோட கொஞ்ச நாள் விட்டு வெச்சாங்க.

கேள்வி: எங்க பேங்க்ல பழைய பைனரியை கன்டெய்னர்ல போட்டு அடைச்சுட்டோம். இனி கவலை இல்லல்ல?

லைப்ரரி கவலை போச்சு, கெர்னல் கவலை இருக்கு. கெர்னல் யூசர் ப்ரோகிராமை உடைக்க மாட்டோம்னு சொல்றவங்க தான், ஆனா டிஸ்ட்ரோ ஆப்ஷன் மாத்துவாங்க. சென்ட்ஓஎஸ் 6 கன்டெய்னரை விசிஸ்கால் (பழைய ப்ரோகிராம் நேரம் கேக்குறதுக்கு வெச்ச கெர்னல் வசதி) ஆஃப் பண்ணின கெர்னல்ல ஓட்டிப் பாருங்க, பேஷ் கூட ஸ்டார்ட் ஆகாம 139ன்னு எக்ஸிட் ஆகும். பூட் ஆப்ஷன்ல விசிஸ்கால் எமுலேட்னு போட்டா ஓடும். அப்புறம் எம்ஏஎஸ் (சிங்கப்பூர் நாணய ஆணையம்) 2021 ஜனவரில திருத்தி விட்ட டெக்னாலஜி ரிஸ்க் வழிகாட்டில சப்போர்ட் முடிஞ்ச சாஃப்ட்வேரை வெச்சிருக்காதீங்கன்னு இருக்கு. லைப்ரரி எழுதுறவங்க பழசை ஓட வைக்கிறது நீங்க மாறுறதுக்கு நேரம் கொடுக்கத் தான், அந்த நேரத்துல மாறுங்க.

கேள்வி: ஃபங்க்ஷன் இல்லாம ஒரு டேட்டா வேரியபிளைத் தூக்கணும்னா?

இது தான் ரொம்பக் கஷ்டம். எர்ரர் மெசேஜ் எல்லாம் அடுக்கி வெச்ச சிஸ் எர்ரர் லிஸ்ட்னு ஒரு அரே இருந்தது. அரேயோட சைஸ் லிங்க் பண்ணும்போதே பைனரிக்குள்ள பதிஞ்சிடும், அதனால கெர்னல்ல ஒரு புது எர்ரர் நம்பர் வந்தா கூட பழைய சைஸ், புது சைஸ்னு ரெண்டு வெர்ஷன் வைக்கணும். 2.32ல தான் புதுசா லிங்க் பண்றவங்களுக்கு அதை நிறுத்தினாங்க. புது லைப்ரரி எழுதுறவங்க தயவு செஞ்சு வேரியபிளை வெளில காட்டாதீங்க, ஒரு ஃபங்க்ஷன் வழியா கொடுங்க.

கேள்வி: 2038 பிரச்சினையும் இதே குடும்பமா?

ஆமா, இங்க தூக்குறது 32 பிட் டைம். 2038 ஜனவரி 19, சிங்கப்பூர் நேரம் காலைல 11 மணி 14 நிமிஷம் 7 வினாடியோட அந்த எண் நிரம்பிடும். ஜிலிப்சி 2.34 இதை ஒரு கம்பைல் ஆப்ஷனா கொடுத்தது, டிஃபால்ட்டை மாத்தல, பழைய பைனரி உடையக் கூடாதுன்னு. ஆனா நடுவுல இருக்குற ஒவ்வொரு லைப்ரரியும் டைமை ஸ்ட்ரக்ட்ல வெச்சு வெளில கொடுத்தா அதுவும் மாறும், அதனால டெபியன்ல 2024ல நூத்துக்கணக்கான பேக்கேஜ் பேருக்குப் பின்னாடி டி64ன்னு சேத்து ஒரே நேரத்துல மாத்தினாங்க. லிஃப்ட் கன்ட்ரோலர், கேட் பேரியர்னு 32 பிட் ஆர்ம் போர்டு வெச்சு வேலை பண்றவங்க இதை இப்பவே பாக்கணும்.

கேள்வி: யார் யூஸ் பண்றாங்க, நாம எதையாவது உடைச்சுட்டோமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

ஏபிஐடிஃப்னு ஒரு டூல் இருக்கு, பழைய பில்டையும் புது பில்டையும் கொடுத்தா எந்த சிம்பல் போச்சு, எந்த ஸ்ட்ரக்ட் சைஸ் மாறிச்சுன்னு சொல்லும், அதை சிஐல (கோட் மாறும்போதெல்லாம் தானா டெஸ்ட் ஓட்டுற அமைப்புல) போட்டு வையுங்க, ரிலீஸ் அன்னிக்கு கைல ஓட்டாதீங்க. டெபியன் கோட் சர்ச்ல ஃபங்க்ஷன் பேரைத் தேடினா ஓபன் சோர்ஸ்ல யார் யார்னு தெரியும். பேரை ரன்டைம்ல ஸ்ட்ரிங்கா கொடுத்துத் தேடுற ப்ரோகிராம் மட்டும் எதுலயும் மாட்டாது, சிம்பலை விட்டு வையுங்கன்னு நான் அடிச்சுச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ரிலீஸ் நோட்ல என்ன எழுதணும்?

எந்த வெர்ஷன்ல வார்னிங் ஆரம்பிச்சது, எதுலேர்ந்து லிங்க் ஆகாது, பழைய பைனரி ஓடுமா ஓடாதா, மாத்து எது. மாத்து நிஜமாவே பழசு செஞ்ச வேலையை செய்யுமான்னு எழுதுறதுக்கு முன்னாடி பாருங்க. மேல சொன்ன 2.32லயே சிக்னல் பேர் லிஸ்டையும் நிறுத்தி ஸ்டர்சிக்னல் யூஸ் பண்ணுங்கன்னாங்க, ஆனா அது மெசேஜை மொழிபெயர்த்துக் கொடுக்கும், சிக்னல் ஹேண்ட்லர் உள்ள கூப்பிட முடியாது. பழைய அரேயை ஹேண்ட்லர்ல படிச்சுக்கிட்டு இருந்தவங்களுக்கு அது மாத்தே இல்ல. அதனால அதே ரிலீஸ்ல, மொழிபெயர்க்காத, ஹேண்ட்லர்லயும் கூப்பிடக் கூடிய ரெண்டு புது ஃபங்க்ஷனை சேத்து விட்டாங்க.